டேலியா: கிழங்கு நடுவதிலிருந்து குளிர்காலத்தில் காப்பது வரை

பூவின் படத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் டேலியா வாங்குகிறோம். கைக்கு வந்து சேர்வதோ மண் ஒட்டிய ஒரு கிழங்கு. அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரிந்துவிட்டால் நடவு, பராமரிப்பு, குளிர்காலச் சேமிப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கிவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் பூ பூக்க வைப்பதில் இல்லை. பூத்து முடிந்த கிழங்கை அடுத்த ஆண்டுக்கு உயிரோடு கொண்டுபோவதில்தான். அதனால் இந்தக் கட்டுரையிலும் அந்தப் பகுதிதான் நீளம்.

டேலியாவின் தாயகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்க மலைப்பகுதிகள். 1963-இல் மெக்சிகோ இதைத் தன் தேசிய மலராக அறிவித்தது. அந்த மலைகளில் கோடையில் மழை, குளிர்காலத்தில் வறட்சி. மழைக்காலத்தில் வளர்ந்து பூத்து, வறண்ட மாதங்களைக் கிழங்குக்குள் ஒடுங்கிக் கழிப்பது இந்தச் செடியின் இயல்பு. உறைபனியைத் தாங்க அது பழகவே இல்லை. நாம் செய்யும் வேலைகளில் பாதிக்கு இதுதான் காரணம்.

கிழங்கில் எதைப் பார்ப்பது

உருளைக்கிழங்கின் உடம்பு முழுக்கக் கண்கள் இருக்கும். டேலியாக் கிழங்கு அப்படி இல்லை. அதன் உடம்பிலிருந்து முளை வரவே வராது. பழைய தண்டின் அடியும் கிழங்கும் சேருகிற அந்தச் சின்ன இடத்தில் மட்டும்தான் கண்கள் இருக்கும். வசதிக்காக அதைத் தலை என்று வைத்துக்கொள்வோம். தலையையும் உடம்பையும் இணைப்பது ஒல்லியான ஒரு கழுத்து.

நடுவதற்கு மூன்றும் வேண்டும்: அழுத்தினால் அமுங்காத உடம்பு, முறியாத கழுத்து, ஒரு கண்ணாவது உள்ள தலை. கொழுகொழுவென்று இருக்கும் கிழங்குக்குக் கழுத்து முறிந்து தொங்கினால் அது பயன்படாது. கண் இல்லாத கிழங்கு மண்ணுக்குள் வேர்விட்டு மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், ஆனால் செடி வராது. விரல் பருமனில் இருக்கும் கிழங்கு போதும். பெரிய கிழங்கு பெரிய பூ தரும் என்று நினைக்க வேண்டாம், பூவின் அளவை முடிவு செய்வது ரகம்.

ரகம் என்றதும் ஒரு வார்த்தை. 25 செ.மீ.க்கு மேல் விரியும் தட்டுப் பூக்களைப் பார்த்து மயங்குவது இயல்புதான். ஆனால் அவை தாமதமாகப் பூக்கும், எண்ணிக்கையில் குறைவு, மழையில் தலை கவிழும். முதல் வருடத்துக்கு உருண்டைப் பூ ரகங்களையோ, 5 செ.மீ.க்குள் இருக்கும் பொம்பொன் ரகங்களையோ எடுங்கள். அவை அலுக்காமல் பூக்கும், பறித்து வைக்கவும் நல்லவை. இன்னொன்று: டேலியாவில் உண்மையான நீல நிறம் கிடையாது. யாராவது நீல டேலியா விற்றால் அது படத்தில் மட்டும்தான் நீலம்.

நடவு

அவசரம்தான் இங்கே முதல் எதிரி. வசந்தத்தின் கடைசி உறைபனி கடந்து, மண்ணின் வெப்பம் 15 டிகிரி செல்சியஸை எட்டிய பிறகு நடுங்கள். குளிர்ந்த ஈர மண்ணில் கிழங்கு முளைக்காது, அழுகத்தான் செய்யும். இரண்டு வாரம் முந்தி நட்டவரின் செடியை, காத்திருந்து நட்டவரின் செடி எட்டிப் பிடித்துவிடும்.

ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் வெயில் படும் இடம் வேண்டும். கடும் கோடை உள்ள ஊராக இருந்தால் பிற்பகல் வெயிலை மறைக்கும் நிழல் நல்லது. 32 டிகிரியைத் தாண்டிய நாட்கள் தொடர்ந்தால் செடி வாடி, பூப்பதை நிறுத்திவைக்கும். பகல் இதமாகவும் இரவு குளிர்ச்சியாகவும் இருப்பதுதான் அதற்குப் பிடித்த நேரம். மண்ணில் தண்ணீர் தேங்கக் கூடாது. களிமண் என்றால் மேடான பாத்தி கட்டி, மட்கிய உரத்தைத் தாராளமாகக் கலந்துவிடுங்கள்.

செய்முறை இதுதான். உயரமாக வளரும் ரகமானால் முதலில் முட்டுக்கம்பை ஊன்றுங்கள். பிறகு ஊன்றினால் கம்பு கிழங்கைக் குத்திவிடும். கம்பை ஒட்டி 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் குழி எடுத்து, கிழங்கைப் படுக்கவைத்து, கண் மேலே பார்க்கும்படி, தலைப்பக்கம் கம்பை ஒட்டி இருக்கும்படி வைத்து மண்ணால் மூடுங்கள். செடிக்குச் செடி 45 முதல் 60 செ.மீ. இடைவெளி, குட்டை ரகங்களுக்கு 30 செ.மீ. போதும். ரகத்தின் பெயரை எழுதிய அட்டையைக் கம்பிலேயே கட்டிவிடுங்கள்.

அப்புறம், தண்ணீர் ஊற்றாதீர்கள். நம்ப முடியாத அறிவுரையாகத் தோன்றலாம். நட்டதும் ஒரு குடம் ஊற்றினால்தான் மனசு ஆறும் என்கிறவர்கள் நம்மில் அதிகம். ஆனால் அந்தக் கிழங்குக்கு உறிஞ்சும் வேர் இன்னும் வரவில்லை, முளைப்பதற்கான ஈரமும் உணவும் அதற்குள்ளேயே இருக்கின்றன. மண் புழுதியாக உலர்ந்திருந்தால் மட்டும் லேசாக நனைக்கலாம். முளை மண்ணுக்கு மேலே எட்டிப்பார்த்த பின் நீர் விடத் தொடங்கினால் போதும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளை தெரியும், சில ரகங்கள் இன்னும் சோம்பேறி.

தொட்டியில் வைப்பவர்கள் குட்டை ரகமாகத் தேர்ந்தெடுத்து, அகலமும் ஆழமும் குறைந்தது 30 செ.மீ. உள்ள தொட்டியை எடுங்கள். அடியில் துளை கட்டாயம்.

வளரும் மாதங்கள்

முளை வந்த முதல் இரண்டு வாரம் நத்தைகளின் விருந்துக் காலம். ஓடுள்ள நத்தையும் ஓடில்லா நத்தையும் ஒரே இரவில் தளிரை மொட்டையாக்கிவிடும். இருட்டிய பிறகு விளக்கோடு போய்ப் பொறுக்குவதுதான் நிச்சயமான வழி.

செடி ஒரு முழ உயரம் வந்து, மூன்று நான்கு ஜோடி இலைகள் விட்டதும் நடு நுனியைக் கிள்ளிவிடுங்கள். கைகூசும் வேலைதான். கிள்ளாத செடி ஒற்றைத் தண்டாக உயர்ந்து, உச்சியில் ஒரு பூவைத் தாங்கி நிற்கும். கிள்ளிய செடியில் ஒவ்வொரு இலைக்கணுவிலிருந்தும் கிளை வெடிக்கும். பூ ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப்போகும், ஆனால் பல மடங்காக வரும். நட்டதிலிருந்து பொதுவாக 8 முதல் 12 வாரத்தில் முதல் பூவைப் பார்க்கலாம்.

செடி நன்றாக வேர்பிடித்த பின் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பதால் பயனில்லை. உரத்தில் தழைச்சத்து குறைவாகவும் சாம்பல்சத்து கூடுதலாகவும் இருக்கட்டும். தழைச்சத்து மிகுந்தால் செடி புதராக வளரும், பூ குறையும். அதைவிட முக்கியம், கிழங்கு நீர்த்தன்மையோடு வளர்ந்து சேமிப்பில் சீக்கிரம் அழுகும். கோடையின் கடைசியில் உரத்தை நிறுத்திவிடுங்கள்.

பெரிய பூ வேண்டுமானால், கிளை நுனியில் மூன்றாக வரும் மொட்டுகளில் பக்கத்து இரண்டையும் பட்டாணி அளவில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். சிறு பூ ரகங்களுக்கு இது தேவையில்லை. வாடிய பூக்களை எல்லா ரகத்திலும் நீக்க வேண்டும், விதை கட்டத் தொடங்கினால் செடி பூப்பதில் அக்கறை காட்டாது. மொட்டையும் வாடிய பூவையும் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு: மொட்டு உருண்டையாக, தட்டையான நுனியோடு இருக்கும், வாடிய பூ கூம்பு வடிவத்தில் நீண்டு ஈரமாக இருக்கும்.

பறித்து ஜாடியில் வைக்கும் பூ, முக்கால்வாசி விரிந்திருக்க வேண்டும். டேலியா மொட்டைப் பறித்தால் அது ஜாடியில் விரியாது. காலை வெயில் ஏறும் முன் பறியுங்கள். தண்டின் நுனியை 70-80 டிகிரி சூடான நீரில் நிறுத்தி, அந்த நீர் தானாக ஆறும் வரை விட்டு, பின் ஜாடிக்கு மாற்றினால் நான்கைந்து நாள் தாங்கும். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், டேலியா அவற்றுக்கு லேசான நஞ்சு.

அசுவினி, இலைப்பேன், செஞ்சிலந்தி, சாம்பல் நோய் எல்லாம் வரும், போகும். இலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது, கீழ் இலைகளைக் கழித்துக் காற்றோட்டம் தருவது போன்ற வழக்கமான வைத்தியமே பெரும்பாலும் போதும். வைரஸ் மட்டும் வேறு கதை. நரம்பை ஒட்டி மஞ்சள் தேமல், வட்ட வட்டக் கோலங்கள், செடி குறுகிப்போவது என்று தெரிந்தால் அதற்கு மருந்து கிடையாது. அசுவினியும் இலைப்பேனும் அதைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும், உங்கள் கத்தரியும் கொண்டுபோகும். கிழங்குக்குள்ளும் அது தங்கிவிடுவதால் அடுத்த ஆண்டு வரும் செடியும் நோயாளிதான். எவ்வளவு பிடித்த ரகமாக இருந்தாலும் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம்.

குளிர் வருமுன்: தோண்டுவதா, விடுவதா?

பகல் பொழுது குறையத் தொடங்கியதும் செடி தன் சேமிப்பைக் கிழங்குக்கு அனுப்ப ஆரம்பிக்கும். வேர்கள் தடித்துக் கிழங்காவது முக்கியமாக இந்தக் காலத்தில்தான். அதனால் பூ குறைந்துவிட்டதே என்று முன்கூட்டியே பிடுங்கிவிடாதீர்கள். முதிராத கிழங்கு ஒல்லியாக, மெல்லிய தோலோடு இருக்கும், சேமித்தால் சுருங்கிப்போகும்.

கிழங்கு இருக்கும் ஆழம் வரை மண் உறையாத, தண்ணீரும் தேங்காத இடமாக இருந்தால் தோண்ட வேண்டிய அவசியமே இல்லை. தண்டை வெட்டிவிட்டு 10-15 செ.மீ. உயரத்துக்கு வைக்கோலோ காய்ந்த இலையோ மூடாக்காகப் போட்டுவிடலாம். குளிர்கால மழை அதிகமான இடத்தில் மூடாக்கின் மேல் நீர் புகாத ஒரு தாளையும் விரியுங்கள். மண்ணுக்குள் குளிரால் சாகும் கிழங்குகளைவிட நனைந்து அழுகும் கிழங்குகள் குறைவில்லை. உறைபனியே வராத ஊர்களில், இலைகள் மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தி, செடி தானாக ஒடுங்கிய பின் தோண்டலாம். அதற்குப் பிந்திய சேமிப்பு எல்லோருக்கும் ஒன்றுதான், குளிர்ச்சியான அறையைத் தேடுவது மட்டும் கொஞ்சம் சிரமம்.

மற்றவர்கள் முதல் கடும் உறைபனிக்குக் காத்திருக்க வேண்டும். ஒரே இரவில் செடி கறுத்துத் தொங்கும். பயப்பட வேண்டாம், செத்தது மேல்பாகம் மட்டும்தான். தண்டை 10-15 செ.மீ. விட்டு வெட்டிவிட்டு, ஒரு வாரம் கிழங்கை மண்ணிலேயே விடுங்கள். அந்த ஒரு வாரத்தில் கண்கள் கொஞ்சம் புடைத்து, பிரிக்கும்போது எளிதாகக் கண்ணில் படும். நடுவில் மண்ணே உறையும் அளவுக்குக் குளிர் வரும்போலிருந்தால் காத்திருக்காமல் எடுத்துவிடுங்கள். பெயர் அட்டைகளைச் சரிபார்ப்பதை உறைபனிக்கு முன்பே, பூ இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள். கறுத்துப்போன பிறகு எல்லாச் செடியும் ஒரே செடிதான்.

தோண்டுதல்

வெட்டிய தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் முதலில் முறிவது கழுத்து. தண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி, சுற்றிலும் கவையையோ மண்வெட்டியையோ இறக்கி மண்ணைத் தளர்த்துங்கள். பிறகு அடியிலிருந்து நெம்பி, கொத்தை இரண்டு கையாலும் ஏந்தி எடுங்கள். ஒரு கிழங்கு நட்ட இடத்தில் ஐந்தாறு, சில ரகங்களில் இருபது வரைகூட இருக்கும்.

மண்ணைத் தட்டிவிட்டுத் தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். கழுவாமல் வைக்கிறவர்களும் உண்டு. ஆனால் புதியவர்கள் கழுவிவிடுவதே நல்லது, காயமும் அழுகலும் கண்ணும் அப்போதுதான் தெரியும். தண்டு உள்ளே குழலாக இருப்பதால் அதில் தண்ணீர் தங்கும், அது நேராகத் தலைக்குள் இறங்கி அழுகவைக்கும். அதனால் கொத்தைத் தலைகீழாக வைத்து வடியவிடுங்கள். வெயில் படாத, உறையாத இடத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் உலர்ந்தால் போதும். தோல் தொடும்போது உலர்ந்திருக்க வேண்டும், சுருக்கம் விழக்கூடாது. வாரக்கணக்கில் காயவைத்துவிட்டுக் கிழங்கு சருகாகிவிட்டதே என்று வருந்துவது மிகச் சாதாரணமாக நடப்பது.

பிரித்தல்

இப்போதே பிரிப்பதா, வசந்தத்திலா? இப்போது சதை மென்மையாக இருக்கும், கத்தி சுலபமாக இறங்கும், இடமும் மிச்சம். ஆனால் கண்கள் குண்டூசித் தலை அளவுக்குத்தான் இருக்கும், பழகாதவருக்குத் தெரியாது. வசந்தத்தில் கண்கள் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ துருத்திக்கொண்டு நிற்கும், ஆனால் தலைப்பகுதி மரம்போல இறுகியிருக்கும். முதல் ஆண்டில் கொத்தை அப்படியே வைத்து வசந்தத்தில் பிரியுங்கள் என்பேன். குறைந்தது, கொத்தை இரண்டு மூன்று பெரிய துண்டுகளாக மட்டும் வெட்டி வைக்கலாம்.

பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் கண்ணுள்ள தலையில் ஒரு சிறு பங்கு சேர்ந்து வர வேண்டும். முதலில் தண்டை நடுவாகப் பிளந்து கொத்தை இரண்டாக்குங்கள், பிறகு ஒவ்வொரு கிழங்காகப் பார்த்து வெட்டுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் நீங்கள் நட்ட தாய்க்கிழங்கு கறுத்து, முரட்டுத் தோலோடு நடுவில் இருக்கும். அதுதான் முதலில் அழுகும், நீக்கிவிடுங்கள். நூல்போன்ற வேர்களையும், முறிந்தவற்றையும், கண் இல்லாதவற்றையும் கழித்துவிடலாம். தலையில் பூக்கோசுபோல முண்டும் முடிச்சுமாக வளர்ந்திருந்தால் அது பாக்டீரியாக் கழலை, கொத்து முழுவதையும் அப்புறப்படுத்துங்கள்.

ஒரு கொத்து முடிந்து அடுத்ததுக்குப் போகும் முன், 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் கத்தியை முக்கி எடுங்கள். வெட்டிய முகத்தில் கந்தகத் தூள் தடவுவது பழைய பழக்கம். வெட்டியவற்றை ஒரு நாள் உலரவிட்டால் காயம் மூடிக்கொள்ளும். பிரித்த உடனேயே கிழங்கின் உடம்பில் அழியாத மையால் ரகத்தின் பெயரை எழுதிவிடுங்கள்.

சேமித்தல்

இனி நான்கைந்து மாதம் இரண்டு ஆபத்துகளுக்கு நடுவில் நடக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் அழுகல், குறைந்தால் சுருக்கம். எந்த முறையைக் கையாண்டாலும் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் நோக்கம்.

வெப்பம் 4 முதல் 10 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் கிழங்கு உறைந்து, பின் கூழாகிவிடும். 10 டிகிரிக்கு மேலேயே இருந்தால் நேரத்துக்கு முன்பே விழித்து முளைவிடும், கூடவே பூஞ்சையும் விழிக்கும். சூடேற்றாத நிலவறை, வீட்டோடு ஒட்டிய வண்டிக்கூடம், படிக்கட்டின் அடி என்று எதுவும் சரிதான். இடத்தை ஊகத்தில் முடிவு செய்யாமல் ஒரு வெப்பமானியை அங்கே வைத்துச் சில இரவுகள் பாருங்கள். சிமெண்டுத் தரையில் நேரடியாக வைக்க வேண்டாம், குளிர் ஏறும்.

பொதிவதற்கு வெர்மிகுலைட், பீட் பாசி, தேங்காய் நார்த்தூள், மரச்சீவல், உலர் மணல் எது கிடைத்தாலும் சரி. முக்கியம் அதன் ஈரம்: கையில் அள்ளிப் பிழிந்தால் ஒரு சொட்டும் வரக்கூடாது, புழுதியும் பறக்கக் கூடாது. அட்டைப்பெட்டியிலோ பிளாஸ்டிக் பெட்டியிலோ ஒரு அடுக்கு பொதிபொருள், அதன்மேல் ஒன்றையொன்று தொடாமல் கிழங்குகள், மேலே மீண்டும் பொதிபொருள். தொடாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஒன்று அழுகினால் தொட்டுக்கொண்டிருப்பதும் சேர்ந்து போகும். பிளாஸ்டிக் பெட்டியானால் மூடியைச் சற்றுத் திறந்தே வையுங்கள் அல்லது சில துளைகள் போடுங்கள். வீட்டுக் காற்று மிக உலர்ந்ததாக இருந்தால் பிளாஸ்டிக் பெட்டி, ஈரப்பதமான நிலவறையானால் அட்டைப்பெட்டி என்பது என் கணக்கு.

பிரித்த கிழங்குகளை ஒவ்வொன்றாகச் சமையலறையில் பயன்படும் ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் சுற்றிவைக்கும் முறையும் ஒன்று உண்டு. சுருக்கத்தை நன்றாகத் தடுக்கும், இடமும் கொஞ்சமே பிடிக்கும். ஆனால் துளி ஈரம் உள்ளே மாட்டினாலும் அழுகிவிடும், அதனால் நன்றாக உலர்ந்த கிழங்குக்கு மட்டும். கொத்தாக வைப்பவர்களுக்கு இது சரிப்படாது. எந்த முறை உங்கள் இடத்துக்குப் பொருந்தும் என்று முதல் ஆண்டிலேயே தெரியாது. கிழங்குகளை இரண்டு பாதியாகப் பிரித்து இரண்டு முறைகளில் வைத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

தொட்டியில் வளர்த்தவர்களுக்கு வேலை குறைவு. தண்டை வெட்டி, தொட்டி மண் உலர்ந்த பின், தொட்டியையே உறையாத இருட்டான இடத்தில் தள்ளிவைத்தால் போதும். எலி நடமாட்டம் இருந்தால் மேலே கம்பிவலை போடுங்கள்.

மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்துவிட்டு வசந்தத்தில் திறப்பவர்களுக்குத்தான் மொத்தப் பெட்டியும் போயிருக்கும். லேசாகச் சுருங்கிய கிழங்குக்குப் பொதிபொருளில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், சில நாளில் தேறிவிடும். ஒரு முனை மட்டும் மெத்தென்று அழுகியிருந்தால், வெள்ளைச் சதை தெரியும் வரை வெட்டிவிட்டு உலர்த்தித் தனியே வையுங்கள். அழுகல் கழுத்தை எட்டிவிட்டால் காப்பாற்ற முடியாது. மேலே வெண்பூஞ்சை மட்டும் படர்ந்து உள்ளே உறுதியாக இருந்தால் துடைத்துவிட்டு மூடியை இன்னும் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

எழுப்புதல்

நடும் நாளுக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு பெட்டியை வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவாருங்கள், 18-20 டிகிரி போதும். தட்டில் லேசான ஈரமுள்ள மண் கலவையைப் பரப்பி, தலை வெளியே தெரியும்படி கிழங்குகளைப் படுக்கவையுங்கள். கண்கள் புடைக்கத் தொடங்கும். பிரிக்காமல் வைத்த கொத்துகளைப் பிரிக்க இதுதான் நேரம்.

முளைகள் 7-10 செ.மீ. வளர்ந்ததும் ஒன்றிரண்டை அடிக்கணுவோடு நறுக்கி ஈரமான மணல் கலவையில் நட்டால் அவையும் வேர்விட்டுத் தனிச் செடியாகும், அதே ரகம், அதே ஆண்டில் பூக்கும். கிழங்கு மீண்டும் முளைவிடும். விதையிலிருந்தும் டேலியா வளர்க்கலாம், ஆனால் தாய்ச்செடியின் பூ அப்படியே வராது, என்ன வருகிறதோ அதுதான்.

அறைக்குள் முளைத்த செடியை நேராகத் தோட்டத்துக்குக் கொண்டுபோகாமல், ஒரு வாரம் பத்து நாள் பகலில் வெளியிலும் இரவில் உள்ளேயும் வைத்துப் பழக்குங்கள். ஆறேழு வாரம் வெதுவெதுப்பில் இருந்தும் கண் தெரியாத கிழங்கை இனி நம்ப வேண்டாம். உறுதியாகவே இருந்தாலும் அது குருட்டுக் கிழங்குதான், அதற்குப் பாத்தியில் இடம் தராமல் உரக்குழியில் போட்டுவிடுங்கள்.